பெரியம்மா விவசாயியும்தான்

எங்கள் பெரியம்மா காலமாகி ஒரு மாதம் ஆகப்போகிறது. வாழப்பாடிப் பக்கம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் கட்டியபடியே இருக்கிறது. படத்துக்குக் கீழே "ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை" என்று போட்டிருக்கிறார்கள். சரிதான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்குக் கை பிடித்து எழுத்துப் பழக்கியவர். துக்கம் கேட்க வந்தவர்களும் டீச்சரைப் பற்றியே பேசினார்கள். காட்டைப் பற்றி (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம்) பேச்சு வந்தபோது மட்டும் ஒருவர், "வீட்டுக்காரருக்கும் ஒத்தாசையா இருந்தாங்க, பாவம்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தக் காட்டை நடத்தியவரே பெரியம்மாதான். எங்கள் குடும்பத்து விவசாயிகளில் விவரமானவர் யார் என்று என்னைக் கேட்டால் பெரியப்பாவையோ என் அப்பாவையோ சொல்ல மாட்டேன், அவரைத்தான் சொல்வேன். இதில் பெரியப்பாவுக்கும் வருத்தம் இருக்காது, அவருக்கே தெரிந்த விஷயம்தான்.

மும்முனை கரண்ட் விடியற்காலையில் வரும் வாரங்களில் மோட்டார் போடுவது பெரியம்மாதான். இருட்டில் டார்ச் வைத்துக்கொண்டு மக்காச்சோளத்துக்குத் தண்ணி கட்டிவிட்டு வந்து, பால் கறந்து, சமைத்து, சேலை மாற்றிக்கொண்டு டிவிஎஸ் 50ல் பள்ளிக்கூடம் போவார். சாயங்காலம் வந்ததும் மறுபடி காடு. சனி, ஞாயிறு என்றால் கூலிக்கு வந்த பெண்களோடு சேர்ந்து களை வெட்டுவார். மரவள்ளிக் கரணை நடுவதை எப்படியாவது ஒரு லீவு நாளுக்குத் தள்ளி வைத்துக்கொள்வார், தான் பக்கத்தில் இருந்தால்தான் அவருக்குத் திருப்தி.

எங்கள் பக்கம் மரவள்ளிதான் காசுப் பயிர். ஊரில் குச்சிக்கிழங்கு என்போம். அதன் மாவிலிருந்துதான் ஜவ்வரிசி செய்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் தொடங்கிய தொழில் இது. 1981ல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் நான் படித்துக் காட்டியபோது பெரியம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அதனால கெழங்குக்கு வெல ஏறுமா கண்ணு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. கிழங்குக்கு விலை மாவுச்சத்தை வைத்துத்தான். அதைப் பாயிண்ட் என்பார்கள். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய், கிழங்கு இத்தனை பாயிண்ட், அதைப் பெருக்கினால் ஒரு டன்னுக்கு விலை. பாயிண்டில் ஒன்று இரண்டு குறைந்தால் பத்து மாத உழைப்பில் பெரிய பள்ளம் விழும். மண் ஒட்டியிருக்கிறது என்று எடையிலும் கழிப்பார்கள். ஊரில் பலர் வியாபாரி எழுதிக் கொடுத்த சீட்டை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். பெரியம்மா அதைக் களத்திலேயே உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பார். கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களும் சீட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் வர ஆரம்பித்தார்கள். தப்பு கண்டுபிடித்தால் சத்தம் போட மாட்டார். வியாபாரியைக் கூப்பிட்டு, வகுப்பில் பையனிடம் கேட்பதுபோல, "இதை இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க" என்பார். அவர்களும் போட்டுக் காட்டுவார்கள்.

அதே கணக்கு வகுப்புக்கும் போகும். தசமத்தை அவர் சொல்லிக் கொடுத்தது சென்ட்டை வைத்து. நூறு சென்ட் ஒரு ஏக்கர். "உங்க காடு ரெண்டு ஏக்கர் முப்பத்தஞ்சு சென்ட், அதை எப்படி எழுதுவ?" என்று கேட்டால் பையன் 2.35 என்று எழுதுவான். தன் வீட்டுக் காடு என்பதால் அவனுக்கு மறக்காது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த என் வயதுக்காரர்கள் பலர் இன்றைக்கும் இதைச் சொல்கிறார்கள். கடலை பறிக்கும் நாளில் எந்த வீட்டுப் பிள்ளை வராது என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரியும். திட்டமாட்டார். அன்று சாயங்காலம் அந்தக் காட்டு வழியாக வண்டியை விட்டு, மறுநாள் பிள்ளையை அனுப்பச் சொல்லிவிட்டு வருவார்.

களை வெட்டும் இடத்தில் அவர் கேட்ட பேச்சுகள் எல்லாம் லேசானவை அல்ல. பெண் சிசுக்கொலை நடந்த மாவட்டம் இது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல் முதலில் சேலத்தில்தான் தொடங்கினார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆணுக்கு 851 பெண் என்றுதான் சேலம் மாவட்டத்துக் கணக்கு வந்தது. 2011ல் அது 916 ஆனது. பெரியம்மாவுக்கு அதைச் சொல்லக் கணக்கெடுப்பு தேவைப்படவில்லை. ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேடு அவர் கையிலேயே இருந்தது. மூன்றாவதாகவும் பெண் பிறந்துவிட்டது, மாமியார்க்காரி பேச்சு சரியில்லை என்று களை வெட்டும்போது காதில் விழுந்தால், அன்று சாயங்காலமே அவரைக்காயோ கத்தரிக்காயோ மடியில் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவார். சட்டம், போலீஸ் என்றெல்லாம் பேசமாட்டார். "புள்ளைய எங்கிட்ட அனுப்பு. அஞ்சாவது வரைக்கும் நோட்டு, துணி எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். துணைக்கு என் அம்மா போயிருக்கிறார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்தெந்த வீடு என்பதை அம்மாவும் சொன்னதில்லை.

டீச்சராக மட்டும் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அவர் காதுக்கு வந்திருக்காது. டீச்சருக்கு முன்னால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். கூடவே குனிந்து களை வெட்டுகிறவளிடம்தான் பேசுவார்கள்.

2003ஐச் சொல்லாமல் விடமுடியாது. அந்த ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை வேலையிழந்தார்கள். பெரியம்மாவும் அதில் ஒருவர். மழை இல்லாத காலம் வேறு, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. பிறகு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் நடுவில் இருந்த நாட்களில் சம்பளமும் இல்லை, விளைச்சலும் இல்லை. பெரியப்பா மாட்டை விற்கலாம் என்றார். பெரியம்மா வளையலைக் கழற்றி அடகு வைத்துவிட்டு, மாட்டை வைத்துக்கொண்டார். பால் காசில் வீடு ஓடியது. அதற்கு முன்னாலும் பின்னாலும் மழை பொய்த்த வருடங்களில் எல்லாம் காட்டைக் காப்பாற்றியது அவர் சம்பளம்தான். உரம், கூலி, கூட்டுறவுக் கடன் தவணை எல்லாம் அதிலிருந்துதான் போயிற்று. கடன் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் பெரியப்பாவுடையது, நிலம் அவர் பெயரில் இருப்பதால்.

2008க்குப் பிறகு மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்து நுனிக் குருத்தெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டபோது, ஊரே மருந்துக் கடையில் நின்றது. எதை அடித்தாலும் பூச்சி போகவில்லை. பெரியம்மா ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துக்கே போய்க் கேட்டு வந்தார். 2010ல் அந்தப் பூச்சியை அழிக்கும் சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் காடுகளில் விட்டார்கள். அது பெருகும்வரை கடும் மருந்து அடிக்கக்கூடாது என்பதை வீடு வீடாகப் போய்ச் சொன்னது இவர்தான். பூச்சி பிடித்த இலையை வகுப்புக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்துக் காட்டினார். பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொல்ல, அவர் சொல்லிக் கேட்காத அப்பன்மார்கள் பிள்ளை சொல்லிக் கேட்டார்கள்.

இவ்வளவு செய்தவர் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லை. இதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989ல் சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005ல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்தது. அதற்குள் பிறந்த வீட்டில், பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சரி, இங்கே வந்து தன் சேமநல நிதியில் கடன் போட்டு பக்கத்துக் காட்டை வாங்கினாரே, அதுவாவது? அதுவும் பெரியப்பா பெயரில்தான். அரசு வேலையில் இருப்பவர் பெயரில் வாங்கினால் துறைக்குத் தெரிவிக்கவேண்டும், எதற்கு அலைச்சல் என்று அன்றைக்குப் பெரியவர்கள் சொன்னார்களாம். ஒரு கடிதம் எழுதும் வேலை அது.

நம் வீடுகளில் எல்லாம் இப்படித்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சாகுபடி நிலவுடைமைகளில் நூற்றுக்குச் சுமார் 14தான் பெண்கள் கையில். எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் இருந்தபோது 2012ல் பெண் விவசாயிகள் உரிமை மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி, விவசாயம் பார்க்கிற பெண்ணை விவசாயியாக ஏற்கவேண்டும், அதற்குச் சான்றிதழும் தரவேண்டும் என்றது அது. நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. 2026ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. அந்த மசோதாவைத் தூசி தட்டி எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது என்பது என் கருத்து. 2025 ஏப்ரலில் இருந்து தமிழ்நாட்டில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கட்டணம் குறைந்தாலும் வீட்டில் மனசு வரவேண்டும்.

காரியம் முடிந்த பிறகு பெரியப்பாவிடம் இதைப் பேசினேன். பேசுவதற்குத் தயக்கமாகத்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அவ காசுல வாங்குன காடு. எனக்குத் தெரியாதா" என்றார். அந்தக் காட்டைப் பெரியம்மா மகள், எங்கள் அக்கா பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று அவரே சொன்னார். பெரியம்மா மகன், எங்கள் அண்ணனும் சம்மதித்துவிட்டான். வில்லங்கச் சான்றுக்கு மனு போட்டிருக்கிறோம். பழைய தாய்ப்பத்திரத்தில் ஒரு சர்வே எண் உட்பிரிவு ஆகாமல் கிடக்கிறது. பத்திரத்துக்கு முன்னால் அளந்து உட்பிரிவு செய்துகொள்வதா, பதிந்த பிறகு பட்டா மாற்றும்போது பார்த்துக்கொள்வதா, எது நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கிழங்கு வெட்டுக்குள் முடித்துவிட்டால் இந்த வருடச் சீட்டை அக்கா பெயரிலேயே போட்டு வாங்கிவிடலாம்.