பனீர் பட்டர் மசாலாவுக்கு முன்னால் பருப்பைக் கேளுங்கள்

போன மாதம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். பேத்தியின் பிறந்தநாளுக்காகச் சென்னையில் ஒரு நார்த் இண்டியன் ரெஸ்டாரண்டுக்குப் போனோம். அப்பாவுக்கு 73 வயது, திருநெல்வேலிப் பக்கம். பட்டர் நான் என்றாலே முகம் சுளிப்பார். மைதா வயிற்றில் கல் மாதிரி கிடக்கிறது என்பார். அதனால் அவருக்கு மட்டும் தந்தூரி ரொட்டியும் தால் மக்கனியும் சொன்னேன்.

ஒரு வாய் வைத்தவர் மெல்வதை நிறுத்திவிட்டார். கிண்ணத்தைக் கிட்டே இழுத்து, ஒரே ஒரு பருப்பை எடுத்து விரல் நுனியில் வைத்து நசுக்கினார். கறுப்புத் தோல் வழுக்கிக்கொண்டு தனியே வந்தது.

"ஏட்டி, இது நம்ம தொலி உளுந்துல்லா?"

உளுந்தேதான். எத்தனை வருடமாகத் தால் மக்கனி சாப்பிடுகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. மாவரைக்கிற வீடுகளில் தோலைக் களைந்துவிட்டு வெள்ளை உளுந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் தோலோடேயே அரிசி, தேங்காய், பூண்டு, வெந்தயம் எல்லாம் சேர்த்து உளுந்தம்பருப்புச் சோறு பொங்கி, எள்ளுத் துவையல் வைத்துச் சாப்பிடுவோம். பஞ்சாபிகள் அதே உளுந்தை முழுசாக ஊறவைத்து, ஒரு கை ராஜ்மா சேர்த்து, அடுப்புத் தணலில் ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் தக்காளி, வெண்ணெய், க்ரீம் எல்லாம்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனிமேல் எந்த வட இந்திய ஹோட்டலுக்குப் போனாலும் முதலில் தால், பிறகுதான் மற்றது. கடை எப்படி என்று அந்தக் கிண்ணமே சொல்லிவிடும். அவசரமாகக் குக்கரில் வேகவைத்து மேலே க்ரீம் ஊற்றிய தால் என்றால் கொஞ்ச நேரத்தில் பருப்பு அடியிலும் தண்ணீர் மேலேயுமாகப் பிரிந்து நிற்கும். நிதானமாக வெந்தது கரண்டியிலிருந்து மெதுவாக வழியும். தோல் இருக்கும், ஆனால் பல்லில் தட்டாது. இதை மசாலாவைக் கூட்டி மறைக்க முடியாது.

நாம் செய்வது என்ன? மெனு கார்டைத் திறக்கிறோம், பனீர் பட்டர் மசாலா. கூடவே கடாய் பனீர், பனீர் டிக்கா மசாலா என்று இன்னும் இரண்டு. மூன்று கிண்ணம் வருகிறது, மூன்றிலும் அதே ஆரஞ்சுச் சிவப்பு. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அந்தச் சமையலறை நடக்கிற முறையே அப்படித்தான். வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்தது ஒன்று, தக்காளியும் முந்திரியும் வெண்ணெயும் சேர்ந்த மக்கனி ஒன்று, முந்திரியும் வெங்காயமும் வேகவைத்து அரைத்த வெள்ளை கிரேவி ஒன்று. காலையிலேயே பெரிய பாத்திரங்களில் தயாராகிவிடும். ஆர்டர் வந்ததும் ஒன்றை எடுத்தோ இரண்டைக் கலந்தோ பனீரோ காளானோ போட்டு, கசூரி மேத்தியைக் கையில் கசக்கித் தூவி அனுப்புகிறார்கள். அப்படி இல்லாவிட்டால் நூறு அயிட்டம் உள்ள மெனுவைக் கால் மணி நேரத்தில் யாரால் கொடுக்க முடியும்? ஆகவே கிரேவி ஒன்று போதும். ஒரு தால், ஜீரா ஆலு அல்லது வெண்டைக்காய் மாதிரி எண்ணெயில் வதக்கிய டிரை ஒன்று, சூடாக ரொட்டி. நாலு பேர் திருப்தியாகச் சாப்பிடலாம், பில்லும் குறையும்.

சரி, ஏன் எல்லா ஊரிலும் ஒரே மெனு? 1947 பிரிவினையில் பெஷாவரிலிருந்தும் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் அகதிகளாக வந்தவர்கள் கையில் கொண்டு வந்தது தந்தூர் அடுப்பு வைக்கிற தொழிலைத்தான். டெல்லி தரியாகஞ்சில் 'மோதி மஹால்' ஆரம்பித்த குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி இருவரும் அப்படி வந்தவர்கள். பட்டர் சிக்கனையும் தால் மக்கனியையும் கண்டுபிடித்தது யார் என்று அவர்களுடைய வாரிசுகளின் ஹோட்டல்களுக்கு இடையே 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே வந்தது. வீடு வாசல் இழந்து வந்தவர்கள் பிழைக்கப் போட்ட அடுப்பு இன்று நாடு முழுக்க எரிகிறது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அதுவே மொத்த வட இந்தியா ஆகிவிட்டது. பீகாரில் வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த சத்தூ மாவை உள்ளே வைத்துச் சுடுகிற கோதுமை உருண்டை லிட்டி, அதோடு சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்த சோக்கா; ராஜஸ்தானில் கடலை மாவுத் துண்டுகளைப் போட்டுத் தயிர் விட்டுச் செய்கிற கட்டே கீ சப்ஜி; பஞ்சாபிலேயே குளிர்காலத்துக் கடுகுக் கீரையும் மக்காச்சோள ரொட்டியும். சென்னையில் இதையெல்லாம் போடுகிற இடத்தைத் தேடித்தான் போக வேண்டும். இட்லி தோசையைத் தவிர உங்களிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது!

அன்றைக்கு எங்களுக்குப் பரிமாறிய தம்பிக்கு உத்தராகண்ட், கர்வால் மலைப்பக்கம். ஒன்பது வருடமாகச் சென்னையில் இருக்கிறார், தமிழ் நன்றாகவே பேசினார். அப்பா விரலில் உளுந்தோடு இருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார்.

"எங்க ஊர்லயும் இந்த உளுந்துதான் சார். ஆனா வறுத்து, அரைச்சுச் செய்வோம். சைன்சூன்னு பேரு."

"எண்ணெய் விட்டு வறுப்பியளா தம்பி, வெறுஞ்சட்டியிலா?"

"வெறும் சட்டி சார். இரும்புக் கடாயில. சோத்துக்குப் போட்டுச் சாப்பிடுவோம்."

"அப்போ அதையும் இங்க போடலாம்லா?"

"யாரும் கேக்க மாட்டாங்க சார்."

அப்பா அதற்கப்புறம் அவரை விடவே இல்லை. எந்த மாதம் விதைப்பீர்கள், செடி எவ்வளவு உயரம் வரும், மழை அதிகமானால் காய் அழுகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பக்கத்து மேசையில் இன்னொருவர் வேறு ஒரு பையனைச் சொடக்குப் போட்டு "பையா, பையா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூத்தவரை 'அண்ணா' என்கிறோம், சின்னவரைத் 'தம்பி' என்கிறோம். நமக்குச் சோறு போடுகிறவரை அப்படிக் கூப்பிடுவதில் என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவே இல்லை.

எங்களுக்குப் பரிமாறிய தம்பிக்கு டிப்ஸாகக் கொடுக்க நினைத்ததை அவர் கையிலேயே கொடுத்தேன். வேறொரு ஹோட்டலில் ஒருமுறை பில்லிலேயே 'சர்வீஸ் சார்ஜ்' போட்டிருந்தார்கள், எடுக்கச் சொன்னதற்கு அரை மணி நேரம் வாக்குவாதம். தெரிந்துகொள்ளுங்கள், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது.

வெளியே வரும்போது கண்ணாடிக்குப் பின்னால் தந்தூரில் நின்றவரைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். உருண்டையைக் கையிலேயே தட்டி, சின்னத் துணித் தலையணையில் விரித்து, தோள் வரை குனிந்து உள்சுவரில் அறைகிறார். ஒன்றிரண்டு நிமிடம்தான், உப்பிக் கருகத் தொடங்கும்போது கம்பியால் கொக்கிப் போட்டு எடுக்கிறார். முன்னங்கையில் ரோமமே இல்லை. இவ்வளவு பாடுபட்டு வருகிற ரொட்டியை நாம் ஒரேயடியாக எட்டு சொல்லி, பேசிக்கொண்டே ஆறவிட்டு, தோலாகிவிட்டது என்று குறை சொல்கிறோம். இரண்டிரண்டாகச் சொல்லுங்கள், நன்றாகவே கொடுப்பார்கள்.

அப்பா பொங்கலுக்கு மறுபடி வருகிறார். "அந்தத் தம்பிக்கு ரெண்டு கிலோ தொலி உளுந்து எடுத்து வச்சிருக்கேன், வறுத்துப் பாக்கட்டும்" என்று நேற்று போனில் சொன்னார்.