பெருவெடிப்பு யாருக்குச் சாட்சி?

பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் இருப்பதால் படைத்தவன் உண்டு என்று ஒரு சாராரும், எல்லாவற்றையும் இயற்பியல் விதிகளே பார்த்துக்கொள்வதால் படைத்தவனுக்கு வேலையில்லை என்று மற்றொரு சாராரும் அடித்துப் பேசுகிறார்கள். சேலத்தில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன், ஏற்காட்டு மலைத் தெய்வமான சேர்வராயனைக் கும்பிடுகிறவன் என்ற இரு வகையிலும் எனக்கு இவ்விரண்டும் ஏற்புடையவை அல்ல.

பிரபஞ்சம் மிக அடர்ந்த, வெப்பமான நிலையிலிருந்து விரிந்து வந்தது என்னும் பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்று 1931இலும் எழுதியவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய அந்தப் பாதிரியாரே அதை விரும்பவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, கடவுளை மறுப்பவருக்கும் அதில் தடையில்லை என்பதே அவர் நிலை. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மறுபுறம், தொடக்கம் என்ற எண்ணமே பிடிக்காத வானியலாளர் ஃபிரெட் ஹாயிலின் மாறாநிலைக் கொள்கை (பிரபஞ்சம் என்றும் ஒரே தன்மையில் இருக்கிறது என்பது), பெருவெடிப்பின் எச்சமாக வானெங்கும் பரவியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சு 1965இல் அறிவிக்கப்பட்டதும் ஆட்டம் கண்டது. அப்போது தோற்றது ஓர் அறிவியல் கொள்கைதான். நாத்திகம் தோற்றதாகச் சொல்ல இடமில்லை.

பிரபஞ்சத்தின் வயதாகச் சொல்லப்படும் 1380 கோடி ஆண்டுகள் என்பது, சமன்பாடுகளைப் பின்னோக்கி நடத்திச் சென்று நாம் அடையும் காலம். அந்த முதல் கணத்தை மிக நெருங்கும்போது, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியல் கைவிட்டுவிடுகிறது. 1983இல் இயற்பியலாளர்கள் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் முன்வைத்த மாதிரியில் காலத்துக்கு விளிம்பே கிடையாது. அதுவே சரியென்று நாளை நிறுவப்பட்டாலும், அந்த விதிகள் ஏன் இருக்கின்றன, அவற்றுக்கு உட்பட்டு நடக்க ஓர் உலகம் ஏன் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஏனெனில் இயற்பியல், விதிகளை வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறது.

தொடக்கம் உண்டா இல்லையா என்பதில் படைத்தவனின் கதி அடங்கியிருக்கிறது என்பதே நம் மண்ணின் சிந்தனைக்குப் பொருந்தாத எண்ணம். சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமற்றவை. குயவன் மண்ணிலிருந்து குடத்தை வனைவது போல, இறைவன் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து உலகைத் தோற்றுவிக்கிறான். அது ஒடுங்கி, மறுபடியும் தோன்றும். சமணரும் உலகை அநாதி என்றே கொண்டார்கள். ஆனால் படைத்தவன் இல்லை என்று முடித்தார்கள். ஒரே அநாதியிலிருந்து நேரெதிரான இரண்டு முடிவுகள் பிறந்திருக்கும்போது, எந்தத் தொலைநோக்கி வந்து இந்த வழக்கைத் தீர்க்கும்?

இயற்பியல் தீர்க்கக்கூடியவையும் உண்டு. ஏற்காட்டு மலைப்பாதையில் புதிதாக உடைந்த பாறையைப் பாருங்கள். வெயில் பட்டுப் பழுத்த மேற்பரப்புக்கு உள்ளே, எண்ணெய் தடவியது போன்ற கருநீலச் சாம்பல் நிறம் தெரியும். அது சார்னோகைட் என்னும் பாறை வகை. கதிரியக்கக் கணக்குப்படி அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். உலகம் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று யார் சொன்னாலும், எந்த மறையைக் காட்டிச் சொன்னாலும், அது தவறு என்று வகுப்பில் சொல்ல ஆசிரியர் தயங்கக் கூடாது.

அந்த மலையின் உச்சியில் உள்ள சேர்வராயன் குகைக்கோயிலில் குனிந்து நுழைந்து நான் கும்பிடுவதற்கான காரணங்கள் வேறு. அவற்றுக்கு இயற்பியலின் முத்திரையைக் குத்தி மாணவர்களிடம் நீட்ட எனக்கு உரிமையில்லை. கடவுள் இல்லை என்று கருதும் சக ஆசிரியரிடமும் நான் கேட்பது இதே கட்டுப்பாட்டைத்தான்.