சாமிக்கு முதுகும் உண்டு

அந்த ஒன்றரை நிமிட வீடியோவை இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். “புதுச்சேரியில உட்கார்ந்துக்கிட்டு பிரெஞ்சுக்காரன் ஊர் ஊரா சாமியைப் போட்டோ எடுத்தான், அந்தப் போட்டோதான் கடத்தல்காரனுக்குக் கேட்டலாக்” என்று அண்ணன் மேசையைத் தட்டுகிறார். அரங்கமே கைதட்டுகிறது. நம் நண்பர்கள் நாற்பது பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்த அந்தப் போட்டோ இல்லாவிட்டால், களவுபோன அந்தச் சாமி திரும்பி வந்திருக்காது. இதை இன்று நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரை எடுத்துக்கொள்வோம். விருத்தகிரீஸ்வரர் கோயில் கோஷ்டத்தில், அதாவது வெளிச்சுவர் மாடத்தில், இருந்த கல் திருமேனி. சிட்னியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்து, சிலைக் கடத்தலில் பிறகு மாட்டிய நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் வாங்கியது. கூடவே வந்த ரசீது, சிலை 1970இலேயே டெல்லியில் விற்கப்பட்டதாகச் சொன்னது. ஏன் 1970? பழஞ்சிலைகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்ட தொல்பொருள் சட்டம் 1972இல் வந்தது. அதற்கு முன்பே கைமாறியதாகக் காகிதம் இருந்தால் வாங்குகிறவருக்கு நிம்மதி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பில் இருந்த படமோ 1974இல் எடுத்தது. அதில் அர்த்தநாரி கோயில் சுவரில்தான் நிற்கிறார். ரசீதின் கதை அங்கேயே முடிந்தது.

ஸ்ரீபுரந்தான் நடராஜரும் அப்படித்தான். கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 1994இல் கோயிலில் வைத்து எடுத்த படம் புதுச்சேரியில் இருந்தது. 2014 செப்டம்பரில் இரண்டு பேரும் ஒன்றாகவே ஊர் திரும்பினார்கள்.

“படத்தைப் பார்த்துத்தானே திருடன் போனான்?” ஸ்ரீபுரந்தானில் அந்தக் கோயில் பூசையில்லாமல் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. உள்ளே வௌவால். 2006இல் களவு நடந்தது; 2008இல் சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் போய்த் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்றே தெரிந்தது. அந்தத் திருடனுக்குக் கேட்டலாக் எதற்கு? துருப்பிடித்த பூட்டு போதாதா? கோயில் திறந்திருக்கிறதா என்று இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத நாம்தான் அவனுக்கு வழி காட்டினோம்.

அடுத்தது, “பிரெஞ்சுக்காரன் எடுத்தது.” அந்த நிறுவனம் 1955இல் தொடங்கியது, படம் எடுக்கும் வேலை 1956இல். இன்று சுமார் 1,60,000 படங்கள். வெயிலில் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களிலும், கல்வெட்டைப் படித்துச் சொன்னவர்களிலும், எந்த மூர்த்தி என்று இனம் காட்டிய பண்டிதர்களிலும் நம் ஆட்கள் எத்தனை பேர்! பிரெஞ்சுப் பணம், தமிழ் உழைப்பு, இரண்டு பக்கத்துப் படிப்பு. இதற்குத்தான் கூட்டு ஆய்வு என்று பெயர். அவர்களையும் சேர்த்துத்தான் அண்ணன் திருட்டுக்கூட்டம் என்கிறார்.

“அருங்காட்சியகக்காரன் யோக்கியனா?” இல்லை. போலிக் காகிதம் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்த திருமங்கையாழ்வாரைப் பாருங்கள். 1967இல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957இல் எடுத்த படத்தில் அதே ஆழ்வார் இருக்கிறார் என்று வெளி ஆய்வாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். 2019 டிசம்பரில் அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது. திருப்பித் தர 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. கோயிலில் இருந்தது நகல் என்று நம் போலீசே பிறகுதான் கண்டுபிடித்தது. இங்கேயும் வழக்கைத் தூக்கி நிறுத்தியது ஒரு போட்டோ.

“நாமே செய்துகொள்ள மாட்டோமா?” செய்யுங்களேன், யார் கையைப் பிடித்தது? அறநிலையத்துறைச் சட்டம் 29ஆம் பிரிவு ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வேண்டும் என்கிறது. பல பதிவேடுகளில் இருப்பது “நடராஜர் 1, உயரம் 2 அடி” என்ற ஒரு வரி. இதை வைத்துக்கொண்டு எந்த நாட்டு நீதிமன்றத்தில் நிற்பது?

மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவதுதான் மெழுகு வார்ப்பு. அப்படிச் செய்த திருமேனி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். வார்த்து முடிந்ததும் கரு என்கிற அந்த மண் அச்சை உடைத்துவிடுவார்கள். அடுத்ததற்குப் புது மெழுகு, புதுக் கரு. அதனால் சிலையைச் சுற்றி நிற்கும் திருவாசியில் எத்தனை சுடர், எது உடைந்தது, எந்தச் சடை வளைந்திருக்கிறது, காற்றுக்குமிழி விட்ட குழி எங்கே, ஒட்டுப் போட்ட இடம் எது என்பதெல்லாம் கைரேகை மாதிரி. முன்பக்கம் அபிஷேகத்தில் தேய்ந்துவிடும். முதுகு அவ்வளவாகத் தேயாது. தலைக்குப் பின்னால் இருக்கும் சிரஸ்சக்கரம், தொங்கும் முடிக்கற்றை, இடைக்கட்டின் முடிச்சு எல்லாம் அங்கேதான். நம்மிடம் இருக்கும் படங்களில் முக்கால்வாசி பட்டும் மாலையும் சாத்திய முன்பக்கம்!

திருமஞ்சனம் முடிந்து ஈரம் துடைத்து, அலங்காரத்துக்கு முன்னால் பதினைந்து நிமிடம் கிடைத்தால் போதும். பின்னால் சாம்பல் நிறத் துணி. கேமரா முக்காலியில், திருமேனியின் இடுப்பு உயரத்தில், குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி. போனைக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருத்து பீடம் சிறுத்துவிடும், அளவு ஒத்துப்போகாது. பிளாஷ் கூடாது, எண்ணெய் மினுக்கில் முகமே வெள்ளையாகிவிடும். 45 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றி எட்டுப் படம். பிறகு பக்கவாட்டில் ஒரே விளக்கைத் தாழ வைத்து உளித்தடமும் எழுத்தும் தெரிய இரண்டு. பீடத்தின் அடி, பீடத்து வளையங்கள் தனியாக. 10 சென்டிமீட்டர் அளவுகோல் திருமேனியோடு ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒரு சாண் முன்னால் வைத்தால் சிலை குட்டையாகத் தெரியும். உயரம் பீடத்தோடும் பீடமில்லாமலும் மில்லிமீட்டரில், எடை கிலோவில். இதையெல்லாம் நிரப்ப ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற சர்வதேசப் படிவம் 1997லிருந்தே இருக்கிறது. போலீஸ், சுங்கத்துறை, அருங்காட்சியகம், காப்பீட்டுக்காரர் எல்லோரிடமும் கேட்டுச் செய்தது. ஒரு பக்கம்தான். தயவுசெய்து மூலப்படத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் போனில் அழிக்காதீர்கள். அது படத்தை நசுக்கி, எடுத்த தேதியையும் உதறிவிடும். தேதி போனால் 1970 ரசீதுக்கு எதை வைத்துப் பதில் சொல்வீர்கள்?

டெல்டாப் பக்கம் ஒரு குருக்கள் இருந்தார். “கண்ணை மூடிண்டே சொல்வேன், அம்பாள் இடது தோளுக்குப் பின்னால ஒரு ஒட்டு இருக்கு, தீர்த்தம் விடறச்சே விரல்ல தட்டும்” என்பார். போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒட்டு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

“ஆகமம் படம் எடுக்க அனுமதிக்காது” என்கிறவர்களுடன் நான் சண்டைக்கு வரவில்லை. மூலவரைத் தொட வேண்டாம். வீதியுலா வருகிற உற்சவரை ஊரே போனில் எடுக்கிறதே, அப்போது எங்கே போனது ஆகமம்?

இன்னொன்று. விழாவுக்கு முன்னால் “பளபளன்னு இருக்கணும்” என்று புளியும் பாத்திரப் பவுடரும் போட்டுத் தேய்க்கிறார்களே, உளித்தடமும் எழுத்தும் அதோடு போகிறது. புளியின் அமிலம் இடுக்கில் தங்கும். அபிஷேக மிச்சத்தில் இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் வெளிர் பச்சையாகப் பொடி பூக்கும். துடைத்தால் போகாது, உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். காற்றோட்டமில்லாத பாதுகாப்பு அறைகளில் அடுக்கி வைத்திருக்கும் திருமேனிகளுக்கும் இதே ஆபத்து. அறை ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். கேட்கலாம் என்றால், அந்நியனிடம் கேட்பதா என்று ரோஷம்.

வாங்கிய ஐம்பது லட்சம் டாலர்காரன்கூடக் கடைசியில் சிலையைத் திருப்பிக் கொடுத்தான். நம் ஆட்கள்தான் படம் எடுத்தவனைத் திட்டுகிறார்கள்.

அண்ணன் கண்ணில் இது படாமல் போகாது. பத்துப் பேர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவீர்கள். அப்படியே ஒன்று கேட்டு வாருங்கள்: அவர் ஊர்க் கோயில் சோமாஸ்கந்தரின் முதுகுப் பக்கப் படம், தேதியோடு, எங்கே இருக்கிறது?