சிவப்பு டிக் பற்றி ஒரு திருத்தம்

அண்ணே, நீங்கள் போட்ட செய்தி காரைக்குடி, தேவகோட்டைக் குழுக்களிலும் சுற்றுகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக்கோடு ஒரு சிவப்பு டிக் வந்தால் அரசு நம் செய்தியைப் படித்து நடவடிக்கை எடுக்கப்போகிறது என்கிறது அது. அப்படி ஒரு சிவப்பு டிக் வாட்ஸ்அப்பில் கிடையாது. சாம்பல் ஒன்று என்றால் செய்தி போய்விட்டது, சாம்பல் இரண்டு என்றால் சேர்ந்துவிட்டது, நீலம் இரண்டு என்றால் பெற்றவர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான்.

கண்காணிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 69 அரசுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. வழக்கமாக உள்துறைச் செயலர் உத்தரவிட வேண்டும். ஆனால் 2009-இல் வந்த விதிகள் அதையெல்லாம் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. பிறகு நம் போனிலேயே எப்படி அடையாளம் காட்டுவார்கள்? சிவப்பு வரவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை என்று நம் ஆட்கள் நம்பிவிடுவார்களோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரிபார்ப்பது எளிது. வாட்ஸ்அப் அமைப்புகளில் உதவி மையத்தைத் திறந்து டிக் குறிகள் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பிஐபி) உண்மை சரிபார்ப்புப் பிரிவும் இந்தச் செய்தியைப் பொய் என்று அறிவித்திருக்கிறது. சட்டத்தின் முழு வாசகம் அரசின் சட்டத் தொகுப்புத் தளமான 'இந்தியா கோட்'-இல் இலவசமாகவே கிடைக்கிறது.

சிங்கப்பூர், மலேசியாவில் பிள்ளைகள் இருக்கும் ஆச்சிமார்கள் இதைப் படித்துப் பயந்திருப்பார்கள். செய்தியை அனுப்பிய குழுக்களில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள் அண்ணே.