ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள்

மலைப்பாதையில் இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதை ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது படித்தவர்கள், ஏற்காட்டு மலையில் கால் வைத்ததும் ஏன் மறந்துபோகிறார்கள்? சென்ற ஞாயிற்றுக்கிழமை 15-ஆவது கொண்டை ஊசி வளைவில் என் மாருதி 800-இன் கிளட்ச் பிளேட் கருகிய நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அந்த ஆத்திரம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து, மலைக்கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்குவதற்காகப் பழைய கார் ஓட்டம் ஒன்று நடத்தினோம். அறுபதாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய வண்டியாக இருக்க வேண்டும், எஞ்சின் 1,000 சி.சி.யைத் தாண்டக் கூடாது, சேலம் அஸ்தம்பட்டியில் புறப்பட்டு ஏற்காட்டு ஏரிக்கரை வரை யாரும் கட்டி இழுக்காமல் தானாகவே ஏற வேண்டும் என்பவை எங்கள் விதிகள். ஐரோப்பாவிலிருந்து மங்கோலியாவுக்குச் சென்ற மங்கோல் ராலி என்ற கார் ஓட்டம் 2004-இல் ஆறே கார்களுடன் தொடங்கியபோதும், சின்ன எஞ்சின் கொண்ட மலிவான வண்டியில் போவதுதான் அதன் அடிப்படையாக இருந்தது. எங்களுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. பணம் தர முன்வந்தவர்கள் ஒவ்வொரு வளைவுக்கும் 50 ரூபாய் என்று ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அப்படிப் பன்னிரண்டு பேர். ஒரு வளைவைத் தாண்டினால் 600 ரூபாய், அதாவது இரண்டு ஸ்வெட்டர்.

என் வண்டி 1998-ஆம் ஆண்டு மாடல், கார்புரேட்டர் வண்டி, 796 சி.சி., நாற்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாதது. ஆனால் அது ஏறாத வண்டி அல்ல. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஹோஸ்களையும் ஃபேன் பெல்ட்டையும் புதிதாகப் போட்டு, கூலன்ட் மாற்றி, இரண்டு முறை வெறும் வண்டியாக மேலே போய்வந்து பார்த்த பிறகுதான் கிளம்பினேன். இரண்டாம் கியரில் ஓட்டத்தை விடாமல் வைத்திருந்தால் அது எந்த வளைவிலும் முனகாது. கெடுவது நிறுத்தினால்தான். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி அது. பின்னால் மூட்டைகளை ஏற்றிச் செங்குத்தில் நிறுத்தினால் பாரம் முழுவதும் பின்பக்கம் சாய்ந்துவிடும், முன்சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறைந்துவிடும். திரும்ப எடுக்கும்போது அவை சுழலும், கிளட்சை அரைகுறையாக விட்டுக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டியிருக்கும், ஓட்டம் இல்லாததால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் கிடைக்காது. இப்படி மூன்று முறை நிறுத்தினால் புது வண்டிக்கே மூச்சு வாங்கும்.

என்னை ஐந்து முறை நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் மேலிருந்து வந்த பெரிய வண்டி, வளைவின் நடுக்கோட்டை முழுவதுமாகத் தாண்டி என் பக்கத்தில் வந்து மூக்கை நீட்டியது. 15-ஆவது வளைவில் வந்தவர் நிறுத்தியதோடு நிற்கவில்லை. அவர் பத்தடி பின்னால் போனால் ஒதுங்க இடம் இருந்தும், ஹாரனில் கையை வைத்தபடி, என்னைப் பின்னால் போகச் சொன்னார். எனக்குப் பின்னால் ஒரு பேருந்தும் நான்கு பைக்குகளும் நின்றன. நான் எங்கே போவது? ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, விட்டு, மறுபடி போட்டு, மூன்றாம் முறை வண்டியை எடுக்க முயன்றபோது கிளட்ச் போய்விட்டது. கடந்து போகும்போது அவர் கண்ணாடியை இறக்கி, "காயலான் கடையில போட வேண்டிய வண்டிய எல்லாம் மலைக்கு ஏன்யா எடுத்துட்டு வர்றீங்க?" என்றார்.

காயலான் கடைக்குப் போக வேண்டியது என் வண்டியா? ஒதுங்க இடமில்லாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குபவர் ஓரமாக நிறுத்த வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே எழுதி வைத்தார்கள். காரணமும் எளியது. இறங்குபவர் நின்றால் பிரேக்கை விட்டாலே வண்டி மறுபடி உருளும். ஏறுபவர் நின்றால் எடுப்பதற்கே போராட வேண்டும். ஆனால் நின்று வழிவிட வேண்டியவர்கள் நிற்க முடியாத வேகத்தில் வருகிறார்கள். ஏறிய அதே கியரில் இறங்கு என்று சேலத்து லாரிக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்கி, வழியெல்லாம் பிரேக்கை மிதித்துச் சூடேற்றி, கடைசி வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் திகைப்பவர்கள் அடிவாரத்தில் சக்கரம் புகையப் புகைய நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு நடுவில், குரங்குக்குப் பிஸ்கட் கொடுப்பதற்காக வளைவிலேயே நிறுத்துபவர்கள் வேறு. அது குரங்குக்கும் நல்லதில்லை, பின்னால் ஏறி வருபவனுக்கும் நல்லதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குகிறார்கள் அல்லவா? அதை ஏன் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் செய்யக் கூடாது? அது முடியாதென்றால், ஏற்காட்டில் வண்டிகள் இறங்கத் தொடங்கும் இடத்திலாவது ஒரு காவலரை நிறுத்தி, "இரண்டாம் கியரில் இறங்குங்கள், ஏறுபவருக்கு நில்லுங்கள்" என்று கண்ணாடிக்கு அருகில் குனிந்து சொல்லச் சொல்லுங்கள். பலகைகளை யாரும் படிப்பதில்லை.

விதிப்படி என் வண்டி 14 வளைவுகளோடு நின்றது. மிச்சம் ஆறு வளைவுக்கான 3,600 ரூபாய் வரவில்லை. பணம் தர வேண்டியவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் ஒப்புக்கொண்டது அப்படித்தான். பன்னிரண்டு ஸ்வெட்டர்களை நான் என் கைக்காசில் வாங்கி, மறுநாள் பேருந்தில் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்ட பிள்ளைகளில் ஒருத்தி, "கார்ல வரேன்னு சொன்னீங்களே மாமா, கார் எங்கே?" என்று கேட்டாள்.