பூனையைத் திட்டுவதும் ஓர் அணிதான்

பத்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் நேற்று அணியிலக்கணம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "உவமானத்தை மட்டும் கூறி உவமேயத்தைப் பெற வைப்பது பிறிது மொழிதல் அணி." ஒப்புக்குக் காட்டுவது உவமானம், சொல்ல வந்த பொருள் உவமேயம். சான்றுக்குக் குறள்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

ஓர் எழுத்து பிசகவில்லை. "சாகாடுன்னா என்ன பாப்பா?" என்றேன். விழித்தாள்.

சாகாடு என்றால் வண்டி. மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் அச்சு முறிந்துவிடும். குறளில் அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் அது இருப்பது வலியறிதல் அதிகாரத்தில். சின்ன ஆள்தானே என்று கண்டபடி பகையைச் சேர்க்கும் அரசனுக்குச் சொன்னது அது. வண்டி உவமானம், அரசன் உவமேயம்; ஆனால் அரசனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சரி, இது புரிய நான் அப்பத்தாவிடம்தான் போக வேண்டியிருந்தது. அவள் திண்ணையில் உட்கார்ந்து பூனையைத் திட்டுவாள்: "மூணு வேளையும் திங்கத் தெரியுது, ஒரு எலி பிடிக்கத் துப்பில்ல." அடுக்களையில் அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். யாராவது கேட்டால், "நான் பூனையைல்ல சொன்னேன்!" ஜாடை பேசுவது என்போமே, அதேதான். "அதுபோல நீயும்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் உவமை ஆகியிருக்கும்; அன்றைக்கே சண்டையும் வந்திருக்கும். சொல்லாமல் விட்டதில்தான் பாதுகாப்பு, குத்தும் அதில்தான். அரசனிடம் பேசுகிறவனுக்கும் இதே வசதி: நான் வண்டியைத்தானே சொன்னேன்!

தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் பிறிது மொழிதலை ஒட்டணி என்கிறது. அதில் பொருளை வைத்து அமையும் பொருளணி மட்டும் 35. தொல்காப்பியரோ உவமைக்கு ஓர் இயல் ஒதுக்கியதோடு சரி. பெயர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெயரை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் பாட்டைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். "தீயினாற் சுட்டபுண்" குறளுக்கு, இரண்டை ஒப்பிட்டுப் பின் வேறுபடுத்திக் காட்டும் வேற்றுமை அணி என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். தீ சுட்டதைப் புண் என்றவர், நாக்கு சுட்டதை ஏன் வடு என்றார்? ஆறுவது புண், ஆறாமல் கிடப்பது வடு. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். நமக்கு வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ பரீட்சையில பூனையை எழுதலாமா அத்தை?" என்றாள்.

வேண்டாம், சாகாட்டையே எழுது என்றேன்.