ஜிபிஜி எதை மறைக்கிறது, எதை மறைப்பதில்லை
ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருள் கொண்டு, பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய மின்னஞ்சலில் அனுப்புநர், பெறுநர் விவரங்களும் மறைந்துவிடும் என்று ஒரு நண்பர் குறிப்பிட்டுள்ளார். அது சரியன்று. ஜிபிஜி பின்பற்றும் ஓப்பன்பிஜிபி முறையில் மறையாக்கப்படுவது கடிதத்தின் உள்ளடக்கமும் இணைப்புகளுமே. யாரிடமிருந்து, யாருக்கு, எப்போது என்ற விவரங்கள், அஞ்சலைக் கொண்டுசேர்க்கும் சர்வர்களுக்குத் தேவைப்படுவதால், திறந்தே இருக்கும். (தண்டர்பேர்ட் போன்ற சில மின்னஞ்சல் செயலிகள் பொருள் (சப்ஜெக்ட்) வரியையும் மறைக்கின்றன என்பது உண்மை, ஆனால் முகவரிகளை அவையும் மறைப்பதில்லை.)

இதை எவரும் சில நிமிடங்களில் சரிபார்க்கலாம். தண்டர்பேர்டில் உங்கள் முகவரிக்கே மறையாக்கிய அஞ்சல் ஒன்றை அனுப்பி, வந்ததைத் திறந்து கன்ட்ரோல், யூ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அதன் மூல வடிவம் தெரியும். முகவரிகளும் தேதியும் அங்கே படிக்கும்படியே இருக்கும். ‘பிகின் பிஜிபி மெசேஜ்’ என்ற வரிக்குக் கீழேதான் புரியாத எழுத்துக் குவியல் தொடங்கும்.